பொட்டி திரும்பிப் போன படங்கள்

(கரிசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தியேட்டரில் 1981 முதல் 2014 வரை ஆபரேட்டராக இருந்தவர், அதிகம் பேசப்படாத படங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஒரே ஒரு படம் சொல்லுங்கள் ஐயா. பட்டியல் வேண்டாம். பட்டியலை வைத்துக்கொண்டு நான் எதையுமே பார்த்ததில்லை.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சரி தாயி, ஒன்றே ஒன்று: ‘பூ’.

2008 நவம்பரில் வந்தது. இயக்கியவர் சசி. பின்னால் ‘பிச்சைக்காரன்’ எடுத்து ஊரையே தியேட்டருக்குக் கூட்டி வந்தாரே, அதே சசிதான். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதைதான் இதற்கு மூலம். பார்வதிக்குத் தமிழில் இது முதல் படம்.

கதை என்று பார்த்தால் ஒரு வரிதான். மாரி என்கிற பட்டாசு ஆபீஸ் பிள்ளைக்கு அத்தை மகன் தங்கராசு மேல் உயிர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பெரியவளாகி என்னவாகப் போகிறாய் என்று கேட்டால், தங்கராசு பொண்டாட்டி ஆவேன் என்கிற பிள்ளை. அவன் சென்னைக்குப் படிக்கப் போகிறான். இவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

நாங்கள் அந்தப் படத்தைப் போட்டபோது முதல் மூன்று நாள் இளவட்டங்கள் வந்தார்கள். ஸ்ரீகாந்த் போஸ்டர் பார்த்து வந்தவர்கள். சண்டை இல்லை, குத்துப்பாட்டு இல்லை. இடைவேளையிலேயே சைக்கிள் ஸ்டாண்ட் காலியானது. முதலாளி டிக்கெட் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வேறு படத்துக்குச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மட்டும் பட்டாசு ஆபீஸ் பெண்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். லீவு நாள். அலுமினியப் பொடி நகக்கண்ணில் எப்போதும் இருக்கும், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கையோடு முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாக எனக்குத் தெரிவது முதுகுகள்தான். முதுகை வைத்தே சொல்லிவிடலாம், படம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று. பிடிக்காதவன் முதுகு அடிக்கடி சரிந்து சரிந்து நிமிரும். அன்றைக்கு ஒரு முதுகும் அசையவில்லை. படம் முடிந்து லைட்டைப் போட்டேன். எழுந்திருக்கவே இல்லை ஒருத்தரும். ஒரு அம்மா முந்தானைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்து இருந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. கேட் பையன் வந்து, “அடுத்த ஆட்டத்துக்கு ஆள் நிக்குது, எந்திரிங்கக்கா” என்று சொல்லும்வரை அப்படியே.

இரண்டு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் என்னை நிறுத்தி, “அந்த மாரி படம் இன்னொருக்க போடுவீகளாண்ணே?” என்று கேட்டது. ஃபிலிம் பொட்டி திரும்பிப் போயிருச்சு தாயி என்று சொன்னேன்.

தங்கராசின் அப்பாவாக, பேனாக்காரராக வருகிறவரைக் கவனித்துப் பாருங்கள். வீதி நாடகத்திலிருந்து வந்த ராமு. இந்தப் படத்துக்குப் பிறகுதான் ‘பூ’ ராமு என்றே பெயர் ஆனது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கல்லூரி முதல்வர் அவர்தான். 2022-ல் காலமாகிவிட்டார்.

ஓடாத படமெல்லாம் நல்ல படம் என்று சொல்லிவிடுவீர்களோ?
– வாசகர், ஈரோடு

ஐயையோ. நான் ஓட்டிய ஓடாத படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஓடாததுதான் நியாயம். சில படங்களுக்கு ரீலை மாற்றிப் போட்டுவிட்டேன், யாருமே கண்டுபிடிக்கவில்லை. ஒரு படத்தில் இறந்துபோன தங்கச்சி அடுத்த ரீலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜனங்கள் ஃபிளாஷ்பேக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் சிவாஜி ரசிகன், வயது 71. தலைவர் படம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. என் பேரனுக்குக் காட்ட ஒன்று சொல்லுங்கள். அவன் பழைய படம் என்றாலே ‘பாட்டா இருக்கும் தாத்தா’ என்கிறான்.
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, மதுரை

அண்ணே, உங்கள் பேரனுக்கென்றே 1954-ல் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ‘அந்த நாள்’. ஒரு பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது. சண்டை கிடையாது. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். 1943-ல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டானே, அதை ஒட்டிய கதை. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். அப்புறம் யார் சுட்டது என்று சி.ஐ.டி. ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் சொல்வதிலும் வேறு வேறு சிவாஜி. அந்த சி.ஐ.டி.யாக வருகிற ஜாவர் சீதாராமன்தான் கதை எழுதியவரும்.

‘பராசக்தி’ வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஜனங்கள் கொண்டாடிய கதாநாயகனை முதல் ரீலிலேயே கொன்று, உயிரோடு இருக்கும் காட்சிகளில் தேசத் துரோகியாகக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார் பாருங்கள். ‘பராசக்தி’யில் அவருக்கு ஜோடியாக இருந்த பண்டரிபாய்தான் இதிலும் மனைவி. வந்த புதிதில் படம் போகவில்லை. விருது கிடைத்த பிறகு மறுபடி வெளியிட்டார்கள்.

எங்கள் தியேட்டரில் 80-களில் பழைய படம் போடும் மேட்னியில் ஒரு தடவை இதை ஓட்டினேன். கடலை, முறுக்கு விற்கிற பையன் மூன்றாவது ரீலில் மேலே ஏறி வந்து, “பாட்டு எப்பண்ணே வரும்?” என்று கேட்டான். அவனுக்குப் பாட்டு வந்தால்தான் வியாபாரம். வராதுடா என்றேன். தட்டோடு தரையில் உட்கார்ந்து என் ஓட்டை வழியாக மீதிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

பேரனிடம் சிவாஜி படம் என்று சொல்லாதீர்கள். கொலைப் படம் என்று சொல்லிப் போடுங்கள்.

‘டுலெட்’ நல்ல படம் என்று எல்லோரும் சொன்னதால் வீட்டில் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் மனைவி தூங்கிவிட்டார். எனக்கும் கொட்டாவிதான். எங்களிடம் கோளாறா, படத்திலா?
– தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்

எத்தனை மணிக்குப் போட்டீர்கள் தம்பி? பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு வந்து உட்கார்ந்தவருக்கு எந்தப் படம் போட்டாலும் தூக்கம்தான் வரும். அதுவும் அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. குக்கர் சத்தம், தெருச் சத்தம், பிள்ளை சுவரில் கிறுக்கும் சத்தம், அவ்வளவுதான். ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கியது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கி, 2019-ல்தான் தியேட்டருக்கு வந்தது.

வாடகைக்கு வீடு தேடுவதுதான் மொத்தக் கதை. ஐ.டி. காரர்கள் வந்து சென்னையில் வாடகை ஏறிய சமயம். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையும் வண்டியில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். சாதி என்ன, என்ன வேலை, சைவமா அசைவமா என்று கேள்வி. வாடகை வீட்டில் இருந்தவனுக்கு இது பேய்ப் படம்.

நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ பாருங்கள். 1988. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டவுடனே இல்லாமல் ஒரு மணி நேரம் விட்டு. இதிலும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் இந்தப் பெண், அர்ச்சனா, சொந்தமாகக் கட்டவே இறங்கிவிடுகிறாள். கடன், மேஸ்திரி, காணாமல் போகும் சிமென்ட் மூட்டை. வீடு கட்டியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் அவரே விளக்கம் சொல்வார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் புறப்பட்டு வருவார். பூசாத செங்கல் சுவரை அந்தக் கிழவர் பார்க்கிற பார்வை! அந்தக் காட்சியில் வீட்டில் யாராவது செல்போனை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

இதைப் பார்த்துவிட்டு ‘டுலெட்’டுக்கு வாருங்கள். தூக்கம் வராது.

அப்புறமும் வேகம்தான் வேண்டும் என்றால், உங்கள் வீட்டம்மாவுக்கு ‘கிருமி’ போடுங்கள். 2015, அனுசரண் இயக்கியது. கதிர் வேலைவெட்டி இல்லாத பையன். போலீசுக்குத் தகவல் சொல்கிற ஆளாக மெல்ல மெல்ல மாறுவான். எழுத்தில் ‘காக்கா முட்டை’ மணிகண்டனுக்கும் பங்கு உண்டு. அந்த வருடம் எல்லோரும் ‘காக்கா முட்டை’யைப் பற்றிப் பேசினார்கள், இதைப் பேசவில்லை.

ஆசிரியர் என்றாலே சினிமாவில் தியாகி அல்லது கோமாளி. எங்களை மனிதர்களாகக் காட்டிய படம் உண்டா?
– அரசுப் பள்ளி ஆசிரியை, தர்மபுரி

இருக்கிறது டீச்சர். ‘குற்றம் கடிதல்’. 2015-ல் வெளியானது, இயக்கம் பிரம்மா. இதுவும் தேசிய விருது வாங்கிய படம்தான். தலைப்பு திருக்குறளின் 44-வது அதிகாரம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகக் கல்யாணம் ஆன டீச்சர் ஒருத்தி. வகுப்பில் ஒரு பையன், பிறந்தநாள் கொண்டாடும் சிறுமிக்கு முத்தம் கொடுத்துவிடுகிறான். விசாரிக்கும்போது கை நீண்டுவிடுகிறது. ஒரே ஒரு அறை. பையன் மயங்கி விழுகிறான். அங்கிருந்து படம் அந்த டீச்சரின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பையனின் அம்மா, மாமா, தலைமை ஆசிரியர், ஊர், டி.வி. எல்லோரும் வருகிறார்கள். வில்லன் மட்டும் யாரும் இல்லை. ராதிகா பிரசித்தா என்கிற நடிகை டீச்சராக நடித்திருக்கிறார்.

என் மருமகளும் டீச்சர்தான். படம் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, பிரம்பை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டுப் போனது. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒட்டடை அடிக்க உதவுகிறது.

தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படங்களை எங்கள் ஊர் தியேட்டரில் பார்த்ததாக நினைவே இல்லை. ஏன்?
– வாசகர், அறந்தாங்கி

படம் உங்கள் ஊருக்கு வர வேண்டுமென்றால் ஒருவர் பிரிண்ட் போடக் காசு போட வேண்டும், ஒருவர் ஏரியா வாங்க வேண்டும், அப்புறம் தியேட்டர்காரர் ஒரு வாரத்தைத் தர வேண்டும். மூன்று பேரில் ஒருவர் கையை விரித்தாலும் பொட்டி பஸ் ஏறாது.

சிறந்த இந்தியப் படத்துக்கான தங்கத் தாமரையை முதன்முதலில் வாங்கிய தமிழ்ப் படம் எது தெரியுமா? ‘மறுபக்கம்’. கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது, இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ என்கிற கதை. இந்தியாவிலேயே முதல் பரிசு வாங்கிய படம், என் கையில் அதன் ரீல் ஒரு தடவைகூட வந்ததில்லை. நான் அதைப் பார்த்தது தூர்தர்ஷனில். ஞாயிறு மதியம் காது கேளாதோர் செய்தி முடிந்ததும் ஒன்றரை மணிக்கு மாநில மொழிப் படம் போடுவார்களே, அப்படி. தியேட்டர் ஆபரேட்டர் டீக்கடை டி.வி.யில் படம் பார்த்தேன், சிரிக்காதீர்கள். சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க டெல்லியிலிருந்து மகன் வருகிறான். அந்த அப்பா சிவகுமார். சாந்தமான சிவகுமார் என்று நினைத்துக்கொண்டு போய் உட்காராதீர்கள்.

ரகுவரனின் முதல் படம் ‘ஏழாவது மனிதன்’ (1982). ஹரிஹரன் இயக்கம், பாரதியார் பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசை. ‘காக்கைச் சிறகினிலே’ எல்லோருக்கும் தெரியும். அது எந்தப் படத்தில் வந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

வராத படம் ஒரு வகை. இல்லாமலே போகிற படம் இன்னொரு வகை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகட்டிவும் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். ஃபிலிம் கெடுவதை நான் மூக்கால் அறிவேன். டப்பாவைத் திறந்தால் காடி வாடை குப்பென்று அடிக்கும். பின்பு சுருங்கும், ஓரம் அலை அலையாக வளையும், ஸ்ப்ராக்கெட் பல்லில் உட்காராது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்றால் அதில் உள்ள வெள்ளிக்காகவே எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது குப்பை. யாரையும் குறை சொல்லி என்ன செய்ய.

ரஜினி, கமல் சேர்ந்து நடித்ததில் கவனிக்கப்படாதது ‘அவள் அப்படித்தான்’ என்பது என் கருத்து. சரிதானே?
– வாசகர், சேலம்

1978-ல் சரி. இப்போது அதைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. அதை எடுத்த ருத்ரய்யா இன்னொரு படமும் எடுத்தார், ‘கிராமத்து அத்தியாயம்’ (1980). ‘ஆத்து மேட்டுல’ பாட்டு மட்டும் மிஞ்சியது. அதைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா அண்ணா?
– வாசகி, மட்டக்களப்பு

ஒன்றே ஒன்று தங்கச்சி, ‘பொன்மணி’. 1977. யாழ்ப்பாணத்துக் கதை, இயக்கியவர் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ. சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களை என்ன செய்கிறது என்பதுதான். தெரிந்த தம்பி ஒருவர் லேப்டாப்பில் காட்டினார். பிரிண்ட் மங்கல், ஆனால் அந்தப் பேச்சு அப்படியே அந்த மண்ணின் பேச்சு. எனக்கு இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் முழுதாகப் பிடிபட்டது. உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது.

ஓய்வுக்குப் பிறகு தியேட்டரில் உட்கார்ந்து பார்த்து, ‘இதை நான் ஓட்டியிருக்கலாமே’ என்று நினைத்த படம் உண்டா?
– வாசகர், ராஜபாளையம்

2018 ஆகஸ்டில் தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. ஊருக்குப் பஸ் ஏறாமல், காலைக் காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கம், விஜய் சேதுபதி தயாரிப்பு, அவர் நடிக்கவில்லை. இசை இளையராஜா.

ஏலத்தோட்டத்திலிருந்து மூட்டை சுமந்து மலை இறங்கும் ரங்கசாமிக்குக் கையகலம் நிலம் வாங்க ஆசை. அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தில் நடக்கிறார்கள் பாருங்கள், அதைப்போல ஒரு படத்தில் நான் நடையைப் பார்த்ததில்லை. விடியக் காலையில் கிளம்பி, வழியில் டீக்கடை, குசலம், கோயில், மறுபடி நடை. மலை ஏற ஏற, எனக்கே மூச்சு வாங்கியது. தேனி ஈஸ்வரின் கேமரா எங்கேயும் அவசரப்படவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மலையைக் காட்டிவிட்டு, அதில் எறும்பு மாதிரி ஒரு மனுசனைக் காட்டுகிறது.

முப்பத்துமூன்று வருடம் ஓட்டை வழியாகவே பார்த்த ஆள் நான். சீட்டில் உட்கார்ந்தாலும் கண் திரையின் வலது மேல் மூலைக்குத்தான் போகும். அங்கே ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மெஷினை முடுக்க வேண்டும். இப்போது புள்ளியும் இல்லை, ரீலும் இல்லை. பழக்கதோஷம், பாதிப் படம்வரை அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் பதினைந்து இருபது பேர் இருக்கும். என் பக்கத்து சீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். படம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. தலையில் மூட்டையோடு ரங்கசாமி சறுக்கலில் இறங்கும் இடத்தில் மட்டும் என் தொடையைத் தட்டினார்.

“அவன் கழுத்து நரம்பைப் பாருங்க,” என்றார். “மூட்டைக்குள்ள பஞ்சு வைக்கல.”